கருநாக்குக்காரியும் நாலாம் கிளாஸ் லைசென்ஸும்

1

அந்த யோசனை வந்தபோது நான் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். மேற்குக் கனடாவில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு முதியோர் இல்லம், அதன் சமையலறையில் உதவி வேலை. ஆவடி சேக்காட்டிலிருந்து கிளம்பி வந்து அந்த வாரத்தோடு நான்கு வருஷம். மெக்கானிக்கல் படித்தவளின் கையில் இருந்த ஒரே எந்திரம் அந்தத் தோல் சீவிதான்.

சமையலறை ஜன்னலில் நின்றால் வாசல் கூடம் தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை, நூலகம் போகும் நாள். ஏழு பேர் கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்களை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேன் வரவில்லை. வேன் ஓட்டுகிறவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அரைமணி கழித்து ஒருவர் கோட்டைக் கழற்றினார். பிறகு பக்கத்தில் இருந்தவர். அப்படியே வரிசையாக. கடைசி ஆள் மட்டும் கோட்டைக் கழற்றாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் சும்மா உட்கார முடியாது, மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் முடியாது. தோல் சீவியோடு மேலாளர் லிண்டாவின் அறைக்குள் போய் நின்றேன்.

“அந்த வேனை நான் ஓட்டுகிறேன்.”

லிண்டா என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “உன்னிடம் நான்காம் வகுப்பு உரிமம் இருக்கிறதா?”

“வாங்கிவிடுகிறேன்” என்றேன். நான்காம் வகுப்பு என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது.

லிண்டா நல்லவர், ஆனால் எதையும் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டார். சமையலறையில் எனக்கிருந்த ஒப்பந்தம் நவம்பரோடு முடிகிறது, நீட்டிக்க வழியில்லை. வேன் ஓட்டும் வேலை முழுநேரம். அதை நவம்பர் கடைசி வரை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் முடியாது. என் பக்கத்துக் கணக்கு இன்னும் எளிது. வேலைக் கடிதம் இருந்தால்தான் இங்கே தங்கும் அனுமதி நீளும். இல்லையென்றால் டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சேக்காடு.

2

இங்கே வண்டி பெரிதாகப் பெரிதாக வகுப்பு எண் குறையும். சொந்தக் கார் ஓட்டுவது ஐந்து. அதே அளவு வண்டியில், சம்பளத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் நான்கு. எட்டு இருக்கை வேன் என்றாலும் நான்குதான். என் ஐந்தாம் வகுப்பு உரிமம் வந்த இரண்டாம் வருஷமே வாங்கியது. அதற்கு மேல் மருத்துவரின் சான்று வேண்டும். கண், காது, சர்க்கரை, மயக்கம் வருமா, தூக்கம் வருமா என்று நான்கு பக்கம். பிறகு ஒரு எழுத்துப் பரீட்சை. அதில் தேறினால் பழகுநர் அட்டை. அந்த அட்டையோடு தனியாக ஓட்டக் கூடாது, நான்காம் வகுப்பு உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியில் வண்டியோடு போய்ச் செய்துகாட்டும் பரீட்சை.

எழுத்துப் பரீட்சையில் ஒரே மூச்சில் தேறிவிட்டேன். அலுவலக ஜன்னலில்தான் சிக்கல். எத்தனை வருஷ அனுபவம் என்று காட்ட ஊர் உரிம அட்டையையும் நீட்டினேன், அதில் என் பெயருக்குக் கீழே அப்பா பெயர் இருக்கும் அல்லவா? ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த அட்டை உங்களுடையதா, ஏழுமலையுடையதா?” என்று கேட்டார். என் பெயர் கலைச்செல்வி, ஏழுமலை என் அப்பா, எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கணினியில் என்னை ஏழுமலை என்று பதிந்தார். அதிலிருந்து இந்த ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நான் மிஸ் ஏழுமலை.

இதைப் போனில் கேட்டு நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரே சந்தோஷம். “நான் அங்க வராமயே எனக்கு லைசென்ஸ் எடுக்குறியா? எடு எடு” என்றார்.

நைனா ஓட்டுவது குட்டியானை. ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு: சின்ன சரக்கு வண்டி, முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். செம்பரம்பாக்கத்தில் ஏரியைத் தாண்டி வரிசையாக இருக்கும் குடோன்களில் லோடு ஏற்றி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று இறக்குவார்.

3

நான் ஆவடியில் கார் ஓட்டப் பழகிய கதையை இங்கே யாரிடமும் சொல்வதில்லை. அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. பதினைந்து நாளும் நான் ஓட்டினேன் என்றுதான் நினைத்தேன். பதினாறாம் நாள்தான் தெரிந்தது, நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருக்கிறேன், கீழே இரண்டு காலும் அவருடையது. ஹாரன் அடித்ததும் நான்தான். அதில் மட்டும் குறையில்லை.

இங்கே எனக்குப் பயிற்சி கொடுத்தவள் பல்விந்தர். பஞ்சாபி, என்னைவிட நாலு வயது மூத்தவள், இந்த ஊரில் டாக்சி ஓட்டும் ஒரே பெண். அவளுக்கு மாலை நான்கு மணிக்கு வேலை முடியும். அதன் பிறகு லிண்டாவிடம் சாவி வாங்கி, முதியோர் இல்ல வேனில் ஊரைச் சுற்றிவிட்டு வருவோம். திரும்பி வந்து நிறுத்தியதும் அவள் இறங்கிக் கையைக் கட்டிக்கொள்வாள்.

“ம்ம், சொல்லு.”

இதுதான் நான்காம் வகுப்பின் தனிச் சடங்கு. வண்டியை எடுப்பதற்கு முன் அதை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். பார்த்தால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது டயர், இதில் நான் பார்ப்பது வெடிப்பு, வீக்கம், தேய்மானம். இது பிரேக் குழாய், இதில் பார்ப்பது கசிவு. கசிந்தால் என்ன ஆகும், அப்போது நான் என்ன செய்வேன். இப்படி விளக்கு, கண்ணாடி, கதவு, தீயணைப்பான், சக்கர நாற்காலிக் கொக்கிகள் வரை.

நான் பொழிந்து தள்ளினேன். பொறியியல் படித்தவள், கேட்க வேண்டுமா? ஸ்டெப்னி என்பேன், டிக்கி என்பேன், பல்விந்தர் சிரித்துக்கொண்டே இங்கத்து வார்த்தைகளைச் சொல்லித் திருத்துவாள். மூன்று வாரத்தில், “தங்கச்சி, நீ பேசுவதைக் கேட்டால் வண்டியே பயந்துவிடும்” என்றாள்.

நாங்கள் இருவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. இதையெல்லாம் நான் சொன்னது வண்டி ஓடி முடித்துத் திரும்பி வந்த பிறகு.

4

பரீட்சை காலை ஒன்பது மணிக்கு. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பரீட்சை அதிகாரி கையில் பலகை, அதில் ஒரு தாள். “ஏழுமலை!” என்று கூப்பிட்டார். போனேன்.

“இந்த வண்டியை எடுத்துக்கொண்டு நாம் இப்போது சாலைக்குப் போகப்போகிறோம். அதற்கு முன் என்னென்ன பார்ப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள்.”

முன்புறம், ஓட்டுநர் பக்கம். டயரை அழுத்திப் பார்த்தேன். குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தேன். நிமிர்ந்தேன்.

“நன்றாக இருக்கிறது.”

“எது?”

“சக்கரம்.”

அவர் காத்திருந்தார். நான் அடுத்ததற்குப் போனேன். விளக்கு, நன்றாக இருக்கிறது. கண்ணாடி, நன்றாக இருக்கிறது. பின் சக்கரம், அதுவும் நன்றாக இருக்கிறது. என் கை எல்லாவற்றையும் தொட்டது, கண் எல்லாவற்றையும் பார்த்தது. வாய் மட்டும் கோயில் கியூவில் நிற்கிற மாதிரி நல்ல வார்த்தையாகவே சொன்னது.

அவர் பொறுமைசாலி. “பிரேக் குழாயில் எதைத் தேடுகிறீர்கள்? எது இருந்தால் வண்டியை எடுக்க மாட்டீர்கள்?” என்று கேட்டார்.

சாவி அவர் கையில். வண்டி கிளம்பத் தயார். பல்விந்தர் வாசலோரம் நின்று தன் வாயைத் திறந்து திறந்து மூடி எனக்கு ஜாடை காட்டினாள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

“எல்லாம் நன்றாக இருக்கிறது, சார்.”

அவர் தாளில் வரிசையாகக் கோடு போட்டார். “நீங்கள் பார்த்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சொல்லாததற்கு நான் மதிப்பெண் போட முடியாது.” இந்தப் பகுதியில் தேறாவிட்டால் சாலைக்கே போக முடியாது. பத்து நிமிஷத்தில் ஏழுமலை தோற்றுவிட்டார்.

நவம்பர் முடிவதற்குள் மறு பரீட்சைக்கு ஒரே ஒரு நாள்தான் காலியாக இருந்தது. கடைசி வாரத்து வியாழன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பல்விந்தர் வழி முழுக்கத் திட்டினாள். “மூன்று வாரம் வானொலி மாதிரி பேசினாயே! இன்றைக்கு என்ன ஆயிற்று?”

அவளுக்கு என்ன சொல்வது? கருநாக்கு என்பதை பஞ்சாபியில் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

5

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கு நைனா வண்டியில்தான் போவேன். குட்டியானையின் இடது பக்கக் கதவு என்னுடையது. ஒருநாள் காலை ஏறப்போனபோது முன் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மழை இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுக்கென்று இருந்தது.

“நைனா, பிரேக் ஆயில் ஒழுகுது. போசொல்ல பிரேக் புடிக்கலன்னா இன்னா பண்ணுவ?”

நைனா சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

“வண்டி எடுக்கசொல்ல வாய்ல நல்ல வார்த்தயே வராதா உனக்கு? உள்ள போ!”

அன்றைக்கு நடந்துதான் பள்ளிக்குப் போனேன். மத்தியானம் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். டைல்ஸ் லோடோடு ஏரிக்கரைச் சாலையில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வண்டி மின்கம்பத்தில் மோதியிருந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. நைனாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இன்றைக்கும் அந்தக் காலில் தகடு இருக்கிறது, தாங்கித் தாங்கித்தான் நடப்பார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் சரோஜா அத்தை, நைனாவின் அக்கா, எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் இருப்பவர், எல்லோர் முன்னாலும் என் வாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். “இது கருநாக்கு. காலைல வண்டி எடுக்கசொல்ல இது கேட்டுச்சாம், மத்தியானம் நடந்துகீது.” நைனா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு தெருவுக்கே நான் கருநாக்கு. பாதி விளையாட்டு, பாதி நிஜம். பரீட்சைக்குப் போகிற பையன்கள் என்னைக் கண்டால், “அக்கா, நீ எதுவும் சொல்லாத, சும்மா சிரி போதும்” என்பார்கள். நைனா புது வண்டி எடுத்தார். காலையில் அந்த வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால் அம்மா என்னை மெதுவாக உள்ளே அனுப்பிவிடுவார். கோபமாக அல்ல, அடுப்பில் பாலைப் பார்க்கச் சொல்லி. பத்து வருஷம் நான் பால் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக்கல் எடுத்ததே வீம்புக்குத்தான். படித்துத் தெரிந்துகொண்டேன், எண்ணெய் கசிவதும் நாக்கின் நிறமும் சம்பந்தமில்லாதவை என்று. மூளைக்கு அது தெரியும். காலை ஒன்பது மணிக்கு, சாவி தயாராக இருக்கும்போது, வாய்க்குத் தெரியவில்லை.

6

இங்கே சாயங்காலம் ஆறு என்றால் ஆவடியில் மறுநாள் காலை ஏழரை. தோற்ற அன்று சாயங்காலம் போன் போட்டேன்.

“இன்னாமா, ஏழுமல பாஸா?”

“பெயிலு நைனா.”

பின்னாலிருந்து அத்தை குரல். “இன்னாது? இஞ்சினீருக்குப் படிச்சிட்டு அங்க போய் நாலாங் கிளாஸ்ல பெயிலா? இங்கியே இருந்திருந்தா அஞ்சாங் கிளாஸாவது தேறியிருப்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் தோற்றேன் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் சமையலறையில் கேரட் வெட்டினேன், வெங்காயம் வெட்டினேன், தட்டு கழுவும் எந்திரத்தைத் திறந்து தேவையில்லாமல் சுத்தம் செய்தேன். செவ்வாய்க்கிழமை வாசல் கூடத்தில் யாரும் கோட்டு மாட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை முடிந்ததும் நிறுத்துமிடத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்று மறுபடி கூப்பிட்டேன்.

“நைனா, வண்டிய எடுத்துட்டியா?”

“தோ, எடுக்கப்போறேன். எட்டரைக்கு குடோன்ல லோடு. சொல்லுமா.”

“ஒண்ணு கேக்கணும். வண்டி எடுக்கசொல்ல கேக்கக் கூடாதது.”

போனின் மறுமுனையில் ரயில் போகும் சத்தம். அது தேய்ந்தது.

“கேளு.”

“அன்னிக்கு ஆயில் ஒழுகுச்சா, இல்லியா?”

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“ஒழுகுச்சுமா.”

“நான் சொன்னப்பறம் பாத்தியா?”

“அதுக்கு மிந்தியே தெரியும்.” நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “பூந்தமல்லி மெக்கானிக்கு பஷீர் பாய் இல்ல, அவரு ரெண்டு நாளா சொல்லிகினே இருந்தாரு. ‘ஏழுமல, வண்டிய உட்டுட்டுப் போ, ஒரு நாள்ல முடிச்சித் தரேன்’னு. டைல்ஸ் லோட எறக்கிட்டு உடலாம்னு இருந்தேன். நீ வந்து கைய வச்சி கேட்ட. கோவம் வந்துடுச்சி. உம்மேல இல்ல. சின்னப் பொண்ணு கண்ணுல பட்டுடுச்சேன்னு.”

“அப்ப அத்தை சொன்னப்போ ஏன் நைனா கம்முனு இருந்த?”

“இன்னான்னு சொல்றது? தெரிஞ்சே வண்டி எடுத்தேன்னா? காலு கட்டோட கெடக்குறேன். அக்கா ஒரு காரணம் சொல்லிச்சு. சரின்னு உட்டுட்டேன்.” பிறகு, “உட்டிருக்கக் கூடாது” என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நிறுத்துமிடத்தைச் சுற்றி வேகவேகமாக நடந்தேன். பதினாலு வருஷம். எத்தனை காலை, எத்தனை பால். புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் பிள்ளைகள் கை நழுவிப் போவதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நழுவிப் போன பிள்ளை நான்தான். இவ்வளவு தூரம் ஏன் வந்தேன் என்று யாராவது கேட்டால் சம்பளம், படிப்பு என்று சொல்வேன். வண்டி கிளம்பும் நேரத்தில் என்னை உள்ளே அனுப்பாத ஓர் ஊர் வேண்டியிருந்தது என்பதை இப்போதுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நான்காவது சுற்றில் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. நைனாவுக்கு வீடியோ போடத் தெரியாது, அம்மாதான் போட்டுத் தருவார். இந்த முறை அவரே போட்டிருக்கிறார் என்பது தெரிந்தது, ஏனென்றால் முதலில் வானமும் பிறகு அவர் மூக்கும் மட்டும் தெரிந்தன.

“உனக்கு வாய் வரலன்னுதான பெயிலு?”

வண்டியைச் சுற்றி வந்து வாய்விட்டுச் சொல்லும் சடங்கைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன், மிச்சத்தை அவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

“ம்.”

“சொல்லு. நான் சுத்தி வரேன். தோ, வண்டி கிளம்பற நேரந்தான். சாவி கையில கீது.”

“லோடுக்கு நேரமாகும் நைனா.”

“லோடு கெடக்குது. சொல்லு.”

வேனின் முன்னால் போய் நின்றேன். “முன்னாடி, இடது பக்கச் சக்கரம். டயர்ல வெடிப்பு, வீக்கம் இருக்கா பாக்கணும்.”

“இல்ல.”

“உள்பக்கம் பிரேக் ஆயில் கசியுதா பாக்கணும்.”

அவரால் சுலபமாகக் குந்த முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலை நீட்டி, மெல்ல இறங்கினார். போன் ஆடியது. கையை உள்ளே விட்டார்.

“கசிஞ்சா இன்னா ஆவும், அத்தயும் சொல்லு” என்றார்.

“கசிஞ்சா பிரேக் புடிக்காது. வண்டி எடுக்கக் கூடாது.”

வாசற்படியிலிருந்து அத்தை கத்தினார். “டேய் ஏழுமல! வண்டி எடுக்கசொல்ல இன்னா பேச்சுடா இது? போன வை! அது வாயப் பத்தி தெரிஞ்சும்...”

நைனா குந்தியபடியே திரும்பிப் பார்த்தார்.

“நீ உள்ள போக்கா” என்றார்.

பிறகு விரல்களைப் போனுக்கு நேராக நீட்டிக் காட்டினார். “காஞ்சி கீது பாரு. அடுத்தது சொல்லு.”

பத்தொன்பது இடங்கள் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கெட்டது என்ன, வந்தால் என்ன ஆகும், அப்போது என்ன செய்வேன். பின்பக்க விளக்கில் ஒன்று எரியவில்லை. “இத நான் பாக்கவேயில்லியேம்மா” என்றார். பல்பு மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். சாயங்காலம் நல்லபடியாகத் திரும்பி வந்ததாக அம்மா செய்தி அனுப்பினார், நான் கேட்காமலே.

7

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு இது நடக்கிறது. அத்தை முதல் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டார். நேற்று ஜன்னலைத் திறந்து, “ஹாரன உட்டுட்டாடா அவ” என்று நைனாவுக்குக் குரல் கொடுத்தாராம். உண்மைதான், விட்டுவிட்டேன். ஆவடிக்காரி ஹாரனை மறந்ததை எண்ணி எனக்கே வெட்கமாக இருந்தது.

பல்விந்தரிடம் இப்போது பயிற்சி நேரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவள் விடிகாலை டாக்சி எடுப்பதற்கு முன், வேன் குளிர்ந்து கிடக்கும்போது. கிளம்பும் நேரத்தில்தான் சொல்லிப் பழக வேண்டும், திரும்பி வந்த பிறகல்ல. கருநாக்குக் கதையோடு இதை அவளிடம் விளக்கியபோது, தன் மாமியாரும் இப்படித்தான், வண்டி கிளம்பும்போது யாராவது தும்மினாலே எல்லோரையும் இறக்கிவிடுவார் என்றாள். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

லிண்டா எதுவும் கேட்பதில்லை. ஆனால் அறிவிப்புப் பலகையில் செவ்வாய்க்கிழமைக்கு நேராக எழுதியிருந்த நூலகத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை.

நாளை மறுநாள் வியாழன். ஒன்பது மணிக்கு அதே அதிகாரி, அதே தாள். “ஏழுமலை” என்று கூப்பிடுவார், போவேன். நாக்கு வறண்டு போகலாம், ஆகவே பாட்டிலில் சுடுதண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன். முன் இடது சக்கரத்தில் தொடங்குவேன். குனிந்து, கையை உள்ளே விட்டு, எண்ணெய் கசிந்தால் பிரேக் பிடிக்காது, பிடிக்காத வண்டியை நான் எடுக்க மாட்டேன் என்று அவருக்குக் கேட்கும்படி சொல்வேன். சேக்காட்டில் அது பக்கத்தில் உட்காருகிறவள் ஏறும் பக்கம். இங்கே ஓட்டுகிறவள் ஏறும் பக்கம்.